எலியின் வலது இதயம்: நுரையீரல் உயர் ரத்த அழுத்த ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் வந்த ஒருவருக்கு நோய் தொடங்குவது நுரையீரலின் சின்னத் தமனிகளில். ஆனால் அவர் எத்தனை நாள் இருப்பார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இதயத்தின் வலது கீழறைதான். ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான மனிதருக்கு நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம். 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 20ஐத் தாண்டினாலே நோய் என்று கணக்கு. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை, அழுத்தம் ஏற ஏற முதலில் தடிக்கும், கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் விரிந்து தளர்ந்துவிடும். சிலருக்கு ஏன் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது, சிலருக்கு ஏன் சீக்கிரமே கைவிடுகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. மனித வலது கீழறையிலிருந்து திசு எடுப்பதும் எளிதல்ல. அதனால்தான் இந்தத் துறை எலிகளை இவ்வளவு நம்பியிருக்கிறது.

இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அழுத்தம் ஏறிய எலியை எல்லாம் இதயச் செயலிழப்பு வந்த எலி என்று எழுதிவிடுகிறார்கள். அழுத்தம் ஏறுவது வேறு, கீழறை தடிப்பது வேறு, கீழறை தோற்பது வேறு. இந்த மூன்றில் எது உங்கள் எலியில் நடந்திருக்கிறது என்று காட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

"எங்கள் லேபில் மோனோகுரோட்டலின் (நுரையீரல் தமனிகளைக் கெடுக்கும் நச்சு) பாட்டில் இருக்கிறது, அதையே போட்டுவிடலாம்" என்று தொடங்கும் திட்டங்கள் நிறைய. அது தலைகீழ் வழி. நீங்கள் கேட்பது நுரையீரலைப் பற்றியா, இதயத்தைப் பற்றியா என்று முதலில் தீர்மானியுங்கள்.

ஒரு மருந்து கொடுத்தீர்கள், வலது கீழறை நன்றாகிவிட்டது என்று வையுங்கள். மருந்து இதயத்தசையைத் தொட்டதா, அல்லது நுரையீரல் தமனிகளைத் திறந்துவிட்டுச் சுமையைக் குறைத்ததா? நுரையீரல் தமனிகளே நோயுற்ற மாதிரியில் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. இரண்டும் கலந்தே வரும். இதயத்தின் மீது நேரடி விளைவு என்று எழுத வேண்டுமானால், நுரையீரலைத் தொடாமல் சுமையை மட்டும் நிலையாக ஏற்றும் மாதிரி ஒன்றும் கூடவே வேண்டும். அதாவது நுரையீரல் தமனியில் கட்டுப் போட்ட எலி. பல நல்ல ஆய்வுகள் இரண்டு மாதிரிகளையும் சேர்த்தே வைப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

மோனோகுரோட்டலினிலிருந்து தொடங்குவோம். இது கிலுகிலுப்பைச் செடி இனத்தைச் சேர்ந்த குரோட்டலேரியா ஸ்பெக்டாபிலிஸ் விதையிலிருந்து வருகிற நச்சு. நம் வயல்களில் பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பையும் அதே இனம்தான். 1960களில் இந்த விதையை எலிகளுக்குத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் தமனிகள் கெட்டு, வலது இதயம் தடித்தது. அதிலிருந்து வளர்ந்தது இந்த மாதிரி. இன்று தோலுக்கடியிலோ வயிற்றறைக்குள்ளோ ஒரே ஒரு ஊசி. கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மூன்று வாரத்தில் அழுத்தமும் தடிப்பும் தெளிவாகிவிடும். நான்கு வாரத்தை ஒட்டிச் செயலிழப்பு. அதற்குப் பின் எலிகள் வேகமாக இறக்கத் தொடங்கும். 30 மில்லிகிராம் போட்டால் பெரும்பாலும் தடித்தாலும் தாக்குப்பிடிக்கும் இதயம் கிடைக்கும். ஒரே நச்சில், இரண்டு அளவுகளில், தாக்குப்பிடிக்கும் இதயத்தையும் தோற்கும் இதயத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்பது இதன் பெரிய வசதி. மலிவு, அறுவை தேவையில்லை என்பது மற்றொன்று.

குறைகளும் கனமானவை. மோனோகுரோட்டலின் அப்படியே நஞ்சல்ல. ஈரலில் உள்ள சைட்டோகுரோம் நொதிகள்தான் அதைப் பைரோல் வடிவமாக மாற்றி நஞ்சாக்குகின்றன. அதனால் ஈரலும் கெடும், இதயத்தசையிலும் நேரடியாக அழற்சி வரலாம், அதுவும் இடது வலது பார்க்காமல். அப்படியானால் வலது கீழறை தோற்றது சுமையினாலா, நஞ்சினாலா? இந்தக் கேள்வியை உங்கள் கட்டுரையைப் படிக்கும் நடுவர் நிச்சயம் கேட்பார். இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. நீங்கள் சோதிக்கும் மருந்து ஈரலின் அதே நொதியைத் தடுப்பதாக இருந்து, அதை முதல் நாளே கொடுத்தால், நஞ்சே உருவாகாமல் போகும். எலி நோய்ப்படாது, நீங்கள் மருந்து வேலை செய்தது என்று எழுதுவீர்கள். சுண்டெலிகள் இந்த நச்சை எலிகளைப் போல மாற்றுவதில்லை. ஆகவே சுண்டெலியில் மோனோகுரோட்டலின் போடுவதைப் பொதுவாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது சூகென்–ஹைப்பாக்சியா மாதிரி. ஹைப்பாக்சியா என்றால் ஆக்சிஜன் குறைவு. சூகென் என்று சுருக்கமாகச் சொல்லும் சூ5416 என்பது ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள், புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. அதைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டு, எலியை மூன்று வாரம் 10 சதவீத ஆக்சிஜனில் வைத்து, பின்பு சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவருவார்கள். 2001இல் அமெரிக்காவின் டென்வரில் இருந்த குழு இதை வெளியிட்டது. அதன் வலிமை என்னவென்றால், சாதாரணக் காற்றுக்கு வந்த பிறகும் நோய் முன்னேறுகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு 13, 14 வாரங்கள் காத்திருந்தபோது மனித நோயாளிகளின் நுரையீரலில் காணும் பின்னல் போன்ற தமனிப் புண்கள் எலியிலும் தோன்றியதைக் காட்டியது. நோயின் நுரையீரல் பகுதிக்கு இன்று இதைவிட நெருக்கமான எளிய எலி மாதிரி இல்லை என்பது என் கருத்து. செலவும் காலமும் மட்டும் கூடும். சுண்டெலியில் இதே முறை வாராந்திர ஊசியோடு செய்யப்படுகிறது. ஆனால் நோய் மிதமாகவே வரும், காற்றுக்குத் திரும்பியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். மரபணு மாற்றிய சுண்டெலிதான் உங்கள் கேள்வி என்றால் இந்தக் குறையோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஹைப்பாக்சியா மட்டும் தனியாகக் கொடுத்தால் அழுத்தம் ஏறும், கீழறை தடிக்கும், ரத்தச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும். செயலிழப்பு அரிதாகவே வரும். வலது இதயம் தோற்பதைப் படிக்க இது சரியான இடம் இல்லை. கால்நடைகளில் மட்டும் கதை வேறு. கொலராடோ மலைப் பண்ணைகளில் மேயும் மாடுகளுக்கு மெல்லிய காற்றினால் நுரையீரல் அழுத்தம் ஏறி, வலது இதயம் தோற்று, நெஞ்சுத் தொங்கலில் நீர் கோத்துக்கொள்ளும். 1915லேயே இதை விவரித்திருக்கிறார்கள். இன்றும் அங்கே காளைகளை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முன் அவற்றின் நுரையீரல் தமனி அழுத்தத்தை அளக்கிறார்கள். யாரும் ஊசி போடாமல் தானாக வரும் வலது இதயச் செயலிழப்புக்கு இதைப் போல வேறு உதாரணம் குறைவு.

மூன்றாவது, நுரையீரல் தமனியில் கட்டுப் போடுவது. மார்பைத் திறந்து, தமனியின் மேல் பட்டு நூலால் ஓர் ஊசியைச் சேர்த்துக் கட்டி, ஊசியை உருவிவிடுவார்கள். ஊசியின் தடிமனே மிஞ்சும் வழியின் அளவு. அல்லது 1 மி.மீ.க்கும் குறைவான இடைவெளி விட்டு டைட்டானியம் கிளிப்பை அழுத்துவார்கள். தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை விரலால் நெரிப்பது போலத்தான்; குழாயின் மறுமுனையில் எதுவும் மாறாது, பம்புக்குத்தான் சிரமம். வளரும் இளம் எலியில் கட்டினால் எலி வளர வளர கட்டு தானே இறுகும், அதனால் சுமை மெல்ல ஏறும். மனித நோய்க்கு அது கொஞ்சம் கூடப் பொருந்தும்.

2009இல் வந்த ஒரு முக்கியமான ஒப்பீட்டைப் புதியவர்கள் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட எலியும் சூகென்–ஹைப்பாக்சியா எலியும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன. கட்டுப் போட்ட எலியின் கீழறை தடித்தும் வேலையைத் தொடர்ந்தது. சூகென் எலியில் நார்த்திசு கூடி, நுண்குழாய்கள் குறைந்து, இதயம் தோற்றது. கட்டுப் போட்ட எலிக்குச் செம்பு குறைந்த உணவு கொடுத்தபோது அதுவும் தோற்றது. அழுத்தம் மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடக்காது. பின்னால் வந்த குழுக்கள் கட்டை இன்னும் இறுக்கிச் செயலிழப்பையும் உண்டாக்கிக் காட்டின, ஆகவே கட்டுப் போட்டால் இதயம் தோற்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு இறுக்கம், எத்தனை வயது, எத்தனை வாரம் என்பதே முடிவு செய்கிறது.

பெரிய விலங்குகள் பற்றிச் சுருக்கமாக. பன்றியில் இடது நுரையீரல் தமனியைக் கட்டிவிட்டு, வலது நுரையீரலின் கீழ் மடல் கிளைகளைத் திசுப்பசையால் திரும்பத் திரும்ப அடைக்கும் முறையைப் பாரிஸ் பகுதிக் குழுவினர் வளர்த்தார்கள். ரத்தக்கட்டிகளால் வரும் நாள்பட்ட வகைக்கு இது நல்ல மாதிரி. மனிதருக்கு வைக்கும் கருவிகளைச் சோதிக்கவும் உதவும். முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இதைத் தொட வேண்டாம்.

மூன்றாம் படி: அனுமதி, அதோடு எங்கே நிறுத்துவது என்ற முடிவு

இந்தியாவில் வேலை செய்பவர்களுக்கு: 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவின் விதிகள்தான் அடிப்படை. முன்பு சிபிசிஎஸ்இஏ என்று அழைத்தோம், இப்போது சிசிஎஸ்இஏ. எலி, சுண்டெலி வேலைகளுக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழுவிடம் பி படிவம் போட வேண்டும். பன்றி, ஆடு போன்ற பெரிய விலங்குகளுக்கு மத்தியக் குழு வரை போக வேண்டியிருக்கும். அனுமதி வருமுன் விலங்கு வாங்கக் கூடாது. குழுக் கூட்டம் மாதாமாதம் நடக்கும் என்று எண்ணிக் கால அட்டவணை போடாதீர்கள்.

படிவத்தில் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய பத்தி, விலங்கை எந்த நிலையில் கருணைக்கொலை செய்வீர்கள் என்பது. செயலிழப்பு மாதிரியில் எலி கஷ்டப்படும் என்பது திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எல்லையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். உடல் எடை 20 சதவீதம் குறைந்தால், மூச்சு வாங்கினால், பாதமும் வாலும் நீலம் பாரித்தால், தொட்டும் நகராவிட்டால் என்று தெளிவாக எழுதுங்கள். எடை மட்டும் ஏமாற்றும்: வயிற்றிலும் நெஞ்சறையிலும் நீர் கோத்தால் தசை கரைந்தாலும் எடை ஏறும். ஓரிரு நாளில் எடை திடீரென்று கூடினால் அதையும் மோசமான அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். எலியில் மனிதரைப் போலக் கால் வீக்கத்தைத் தேடிப் பயனில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும், விடுமுறை நாட்களிலும், ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறையில் நான்காம் வாரம் விழாதபடி ஊசித் தேதியைப் போடுவது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: விலங்கு

ஸ்ப்ரேக்-டாவ்லி, விஸ்டார் இரண்டும் வழக்கமான எலி வகைகள். சூகென் மாதிரியில் ஃபிஷர் வகை எலிகளின் வலது இதயம் சீக்கிரம் தோற்று, பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன; ஸ்ப்ரேக்-டாவ்லி அதே அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நீண்ட நாள் இருக்கும். மரபு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது பாருங்கள். ஒரே வகை என்றாலும் வளர்ப்பகம் மாறினால் நோயின் வேகம் மாறும். ஆய்வு முடியும் வரை ஒரே இடத்திலிருந்து, ஒரே எடை வரம்பில் வாங்குங்கள்.

ஆணா பெண்ணா என்பது இந்தத் துறைக்கே உரிய தலைவலி. மனிதர்களில் இந்த நோய் பெண்களுக்கு அதிகம். ஆனால் வந்த பிறகு ஆண்கள் மோசமாகிறார்கள். மோனோகுரோட்டலின் எலிகளில் ஆண்களுக்கு நோய் கடுமையாக வரும். அதனால் பல லேப்கள் ஆண் எலியை மட்டும் வைத்தே பழகிவிட்டன. வசதி புரிகிறது, ஆனால் நோயாளிகளில் பெரும்பான்மையை விட்டுவிட்டு ஆய்வு செய்கிறோம். பணம் இருந்தால் இரண்டு பாலினமும் வையுங்கள், தனித்தனியே பகுத்துக் காட்டுங்கள்.

எண்ணிக்கையைக் கணக்கிடும்போது இறப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைசியில் எத்தனை எலியை அளக்க வேண்டுமோ அதற்கு மேல் கணிசமாகத் தொடங்க வேண்டும், அதற்கான காரணத்தையும் நெறிக் குழுவிடம் எழுத வேண்டும். முதல் முறை என்றால் ஒரு சின்ன ஒத்திகைக் குழுவுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.

ஐந்தாம் படி: நோயை உண்டாக்குதல்

மோனோகுரோட்டலின் தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தன்மை எண்ணை 7.4க்குக் கொண்டுவந்து, உப்புநீரால் அளவை நிரப்புவார்கள். காரத்தை அவசரமாக ஊற்றினால் படிவு விழும். அன்றே கரைத்து அன்றே போடுங்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதே அமில-கார முறையில் தயாரித்த நச்சில்லாத கரைசல். மோனோகுரோட்டலின் மனித ஈரலையும் கெடுக்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்: ஜமைக்காவில் இந்த வகைச் செடிகளின் இலைக் கஷாயம் குடித்த குழந்தைகளுக்கு ஈரல் சிரைகள் அடைபட்டதை 1950களிலேயே எழுதியிருக்கிறார்கள். புகைக்கூண்டு, இரட்டைக் கையுறை, முதல் சில நாட்களின் கூண்டுப் படுக்கையைத் தனிக் கழிவாக அகற்றுதல் எல்லாம் வேண்டும்.

சூ5416 நீரில் கரையவே கரையாது. கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் கரைசலில் மிதக்கவிடும் முறையில், தூள் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு ஊசியை ஏற்றும் முன்பும் குலுக்க வேண்டும். முதல் எலிக்குக் கொஞ்சமும் கடைசி எலிக்கு நிறையவும் போவது இங்கேதான். டைமெதில் சல்ஃபாக்சைடில் கரைப்பவர்களும் உண்டு. எதுவானாலும் கட்டுரையில் எழுதுங்கள்.

ஆக்சிஜன் குறைந்த அறை என்றால், நைட்ரஜனைக் கலந்து 10 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம், ஈரப்பதக் கட்டுப்பாடு, அலாரம். கூண்டு சுத்தம் செய்யத் திறக்கும் நேரத்தைக் குறைத்து, எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவாக வையுங்கள். நைட்ரஜன் சிலிண்டர் நடு இரவில் தீர்ந்தால் யார் வருவது என்பதை முன்பே பேசிவையுங்கள். உங்கள் ஊரின் உயரத்தையும் பாருங்கள்: டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே சாதாரணக் காற்றே கடல்மட்டத்தின் 17 சதவீத ஆக்சிஜனுக்குச் சமம். அங்கே கிடைத்த கடுமையான நோய் சென்னையில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டுப் போடும் அறுவையைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது. கைதேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்து, முதலில் இறந்த எலியில் பழக வேண்டும். எலியைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்து இடது மார்பைத் திறந்து, பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனியைப் பிரிக்கும் அந்த நிமிடம்தான் ஆபத்து; அங்கே கிழிந்தால் எலி போய்விடும். கட்டு மட்டும் போடாமல் மற்ற எல்லாம் அப்படியே செய்த எலிகள்தான் கட்டுப்பாட்டுக் குழு. வலிநிவாரணியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு தொடரில் எல்லாக் கட்டுகளையும் ஒருவரே போடுவது நல்லது, கைக்குக் கை இறுக்கம் மாறும்.

ஆறாம் படி: மருந்தை எப்போது தொடங்குவது

நோயை உண்டாக்கிய அன்றே மருந்தைத் தொடங்கினால் அது தடுப்பு. நோய் உறுதியான பின் தொடங்கினால்தான் சிகிச்சை. நோயாளி மருத்துவரிடம் வருவது நோய் முற்றிய பிறகு, ஆகவே தடுப்பு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்லக் கூடாது. மோனோகுரோட்டலினில் இரண்டாம் வார இறுதிக்குப் பின், எக்கோ பார்த்து நோய் வந்ததை உறுதி செய்த பிறகு, குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரியுங்கள். முதலில் எக்கோ, அப்புறம் குலுக்கல். இந்த வரிசை மாறினால் நோயே வராத சில எலிகள் மருந்துக் குழுவில் சேர்ந்து உங்களை மகிழ்விக்கும்.

ஏழாம் படி: அளப்பது

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வலுக்கின்றன அல்லது உடைகின்றன.

எக்கோ முதலில், அதுவும் திரும்பத் திரும்ப. நுரையீரல் தமனியில் ரத்தம் உச்ச வேகத்தை அடைய எடுக்கும் நேரம் அழுத்தம் ஏற ஏறக் குறையும். அது நுரையீரலின் நிலையைச் சொல்லும். மூவிதழ் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நகர்கிறது, கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, இவை கீழறையின் நிலையைச் சொல்லும். எலியின் இதயம் நிமிடத்துக்கு 300, 400 முறை துடிக்கும். ஐசோஃப்ளூரேன் மயக்கம் ஆழமானால் துடிப்பு குறையும், தள்ளும் ரத்தமும் குறையும். ஆகவே மயக்கத்தின் அளவு, உடல் வெப்பநிலை, துடிப்பு மூன்றையும் ஒவ்வொரு எலிக்கும் எழுதிவையுங்கள். சூடாக்கும் பலகை ஆடம்பரம் அல்ல.

வடிகுழாய் விட்டு அழுத்தம் அளப்பது கடைசி நாள் வேலை. மார்பைத் திறக்காமல் வலது கழுத்துச் சிரை வழியாகக் கீழறைக்குள் போவது எளிதான வழி. ஆரோக்கியமான எலியின் வலது கீழறை உச்ச அழுத்தம் சுமார் 25 மி.மீ.; மோனோகுரோட்டலினில் 60, 80 வரை பார்க்கலாம், சூகென் எலியில் இன்னும் மேலே போவதுண்டு. ஒவ்வொரு எலிக்கும் முன்னும் பின்னும் வடிகுழாயின் பூச்சியத்தைச் சரிபாருங்கள்.

இந்த உச்ச அழுத்தத்தை வைத்துத்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மருந்து கொடுத்த எலியில் அழுத்தம் 80லிருந்து 55க்கு இறங்கியது என்றால் கைதட்டத் தோன்றும். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் கீழறையாலும் அழுத்தத்தைக் கட்டியெழுப்ப முடியாது. அதிலும் எண் இறங்கும். இரண்டையும் பிரிக்க, கூடவே தள்ளும் ரத்தத்தின் அளவைப் பாருங்கள். அழுத்தம் இறங்கி ரத்த ஓட்டம் ஏறினால் நுரையீரலின் எதிர்ப்பு குறைந்திருக்கிறது. இரண்டுமே இறங்கினால் எலி சாகப்போகிறது. அதோடு வலது மேலறை அழுத்தமும், கீழறை நிரம்பி முடியும் நிலையின் அழுத்தமும் வேண்டும். செயலிழப்பு என்ற சொல்லை எழுத அவைதான் உரிமை தருகின்றன. அழுத்தம்-கொள்ளளவு வளையம் எடுக்கும் வசதி இருந்தால், கீழறையின் சுருங்கும் வலிமையையும் தமனியின் சுமையையும் தனித்தனியே பிரித்து, ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கிறதா என்று பார்க்கலாம். கருவி விலை அதிகம், கற்கவும் நாளாகும்; ஆனால் இதயம்தான் உங்கள் கேள்வி என்றால் அதைவிட நேரான விடை வேறில்லை.

பிறகு உடற்கூறு. வலது கீழறைச் சுவரை வெட்டிப் பிரித்து, இடது கீழறையும் நடுச்சுவரும் சேர்ந்த எடையால் வகுப்பதுதான் ஃபுல்டன் குறியீடு. 1952இல் இருந்து புழங்குகிறது. சாதாரண எலியில் சுமார் 0.25, நோயில் 0.4, 0.6 என்று ஏறும். வெட்டும்போது நடுச்சுவரின் ஓரத்தில் கத்தி சற்று விலகினாலும் எண் மாறும். எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் வெட்டட்டும். நோய் முற்றினால் இடது கீழறை சரியாக நிரம்பாமல் சுருங்கும், அதனாலும் விகிதம் ஏறும். உடல் எடையால் வகுப்பவர்கள் நோயில் உடல் எடையே குறைகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பின்காலின் டிபியா எலும்பின் நீளத்தால் வகுத்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஈரலை எடை போடுங்கள், வெட்டிப் பாருங்கள். ரத்தம் தேங்கிய ஈரலின் வெட்டுமுகம் ஜாதிக்காய் போல் புள்ளியிட்டிருக்கும். நெஞ்சறையிலும் வயிற்றிலும் உள்ள நீரை ஊசியால் உறிஞ்சி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எளிய அளவுகளுக்குக் காசே தேவையில்லை. ஆனால் எத்தனையோ கட்டுரைகளில் இவை இல்லை.

திசுவைப் பங்குபோடுவதை எலியைக் கையில் எடுக்குமுன் தீர்மானியுங்கள். கீழறையின் எந்தப் பகுதி உறைநிலைக்கு, எது ஃபார்மலினுக்கு என்பது எல்லா எலியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நார்த்திசுவுக்குப் பிக்ரோசிரியஸ் சிவப்புச் சாயம், நுண்குழாய் அடர்த்திக்குத் தனிச் சாயம். ஒரு நுரையீரலை நிலையான அழுத்தத்தில் ஃபார்மலின் ஊதி வையுங்கள். சுருங்கிய நுரையீரலில் தமனிச் சுவர் தடிப்பாகத் தெரிந்து ஏமாற்றும். எலி இதயத்தில் வேகமாகச் சுருங்கும் ஆல்ஃபா வகை மயோசின் அதிகம், மனித கீழறையில் பீட்டா வகை. நோயில் எலி பீட்டாவுக்கு மாறும் அந்த மாற்றத்தை மனிதருக்கு அப்படியே பொருத்தும்போது இந்த வித்தியாசம் நினைவிருக்கட்டும்.

எட்டாம் படி: கிடைத்ததைச் சந்தேகத்தோடு படிப்பது

இந்தத் துறையின் வரலாறு தெரிந்தால் சந்தேகம் தானாக வரும். கொழுப்பைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டின் எலியில் நோயைத் திருப்பியது. மனிதச் சோதனைகளில் நிலைத்த பயன் இல்லை. புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் 2005இல் மோனோகுரோட்டலின் எலிகளில் அருமையாக வேலை செய்தது. 2013இல் வெளியான மனிதச் சோதனையில் நோயாளிகள் நடக்கும் தூரம் கூடியது, ஆனால் மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவு உள்ளிட்ட தீங்குகள் அந்தப் பயனைச் சாப்பிட்டுவிட்டன. மறுபக்கம் சோடாடர்செப்ட் என்ற மருந்து. அதன் எலி வடிவம் சூகென், மோனோகுரோட்டலின் இரண்டு மாதிரியிலும் வேலை செய்தது, மனிதரிலும் செய்தது, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரே மாதிரியில் கிடைத்த அழகான முடிவை, காரணம் வேறான இன்னொரு மாதிரியிலும் பாருங்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டாம்.

இறந்த எலிகளைக் கணக்கில் வையுங்கள். மருந்தில்லாத குழுவில் மிக நோயுற்றவை நான்காம் வாரத்துக்குள் இறந்துவிட்டால், கடைசி நாளில் அளக்க மிஞ்சுவது தெம்பானவை. சராசரி நன்றாகத் தெரியும், உங்கள் மருந்தின் பயன் மறைந்துபோகும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். எந்த எலி எந்த நாளில், எதனால் போனது, திறந்து பார்த்தபோது நெஞ்சில் நீர் இருந்ததா என்பதைக் கூண்டு அட்டையிலேயே எழுதுங்கள். எழுதும்போது, விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020இல் புதுப்பித்த அரைவ் வழிகாட்டுதலின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள்: குலுக்கல் எப்படி நடந்தது, அளந்தவருக்குக் குழு தெரியுமா, எத்தனை விலங்கை ஏன் விலக்கினீர்கள் என்று அது கேட்கும் கேள்விகளுக்குக் கூண்டு அட்டையில் விடை இருந்தால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை.